பதினைந்தரை மீட்டர்

நாகப்பட்டினம் பக்கம் ஒரு கல்லூரி விழா. பேசி முடித்துக் கீழே இறங்கியபோது ஒரு மாணவி வழிமறித்தாள்.

“சார், 2012 ஏப்ரல்ல சுனாமி வருதுன்னு சொன்னாங்க. நான் அப்ப ரெண்டாங்கிளாஸ். அம்மா என்னைத் தூக்கிக்கிட்டு மெயின்ரோடு வரைக்கும் ஓடினாங்க. அலையே வரலை. ஓடாதவங்க எல்லாம் மறுநாள் எங்களைப் பார்த்துச் சிரிச்சாங்க. இந்தக் கம்ப்யூட்டர் கணக்கை நம்பணுமா, வேண்டாமா?”

ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். கேள்வி மட்டும் கூடவே ரயிலேறிவிட்டது.

சுனாமிக் கணக்கு மந்திரம் இல்லை. கடலுக்கடியில் பூமி எவ்வளவு நீளத்துக்கு உடையும், தரை எத்தனை மீட்டர் எழும்பும் என்று முதலில் ஓர் அனுமானம். அப்புறம் தண்ணீர் எப்படிப் போகும் என்பது சுத்தமான இயற்பியல். 4,000 மீட்டர் ஆழத்தில் அலையின் வேகம் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர். 10 மீட்டர் ஆழத்தில் 36தான். முன்னால் போகும் தண்ணீர் தயங்க, பின்னால் வருவது நெருக்கியடித்துக்கொண்டு உயரும். இதில் கம்ப்யூட்டர் பெரிதாகத் தப்பு செய்வதில்லை. சிக்கல் அந்த முதல் அனுமானத்தில்தான். 2012-இல் சுமத்ரா அருகே 8.6 அளவில் ஆடியது. ஆனால் பாறைகள் பக்கவாட்டில் நழுவின. கடல் தரை பெரிதாக எழும்பவில்லை. முதல் சில நிமிடங்களில் அது தெரியாது. அதனால்தான் எச்சரித்தார்கள்.

சரி, வெறும் அனுமானத்தை நம்பி எதுவரை போகலாம்? ஜப்பானிலிருந்து இரண்டு எண்கள் சொல்கிறேன்.

1896-இல் அந்நாட்டின் வடகிழக்குக் கரையை ஒரு சுனாமி துடைத்துப் போட்டது. 20,000 பேருக்கு மேல் செத்தார்கள். 1933-இல் மறுபடியும். ஃபுதாய் என்ற மீனவ கிராமத்தின் தலைவர் வாமுரா, 1896-இல் ஊருக்குள் 15 மீட்டர் அலை வந்ததை மறக்கவில்லை. 15.5 மீட்டர் உயரத்தில் அலைத் தடுப்புக் கதவு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ‘இவ்வளவு உயரம் எதற்கு, இத்தனை செலவா’ என்றார்கள். 1984-இல் கட்டி முடித்தார்கள். 1997-இல் அவர் காலமானார். அதுவரை பெரிய அலை எதுவும் வரவில்லை.

அடுத்த எண் 15.7. ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனத்தில், 2008-இல் அதே 1896 நிலநடுக்கத்தைத் தூக்கி ஃபுகுஷிமாவுக்கு நேரே கடலில் வைத்துக் கணக்குப் போட்டார்கள். 15.7 மீட்டர் என்று வந்தது. அணு உலைகள் நின்ற தரையோ 10 மீட்டர். மேலிடம் பதறவில்லை. நிபுணர்கள் இன்னும் ஆராயட்டும் என்றது.

2011 மார்ச் 11. ஃபுதாயில் கதவு ஊரைக் காப்பாற்றியது. துறைமுகத்தில் படகைப் பார்க்கப் போன ஒருவர் மட்டும் திரும்பவில்லை. ஃபுகுஷிமாவில் தண்ணீர் டீசல் ஜெனரேட்டர்களை முழுகடித்தது. மூன்று உலைகள் உருகின. 1,50,000 பேருக்கு மேல் வீட்டைவிட்டுப் போனார்கள்.

அதே 1896-தான். ஓரிடத்தில் கான்கிரீட் ஆனது, இன்னோரிடத்தில் ஃபைலிலேயே தங்கிவிட்டது.

“அலை வந்ததால வாமுரா புத்திசாலி. வராமலே போயிருந்தா?” என்று கேட்பீர்கள். நியாயம்தான். வந்த நிலநடுக்கம் கணக்கில் போட்டதைவிடப் பெரியது; அந்தக் கணக்கை நம்பிச் சுவர் கட்டியிருந்தாலும் விபத்து நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று 2022-இல் ஜப்பான் உச்ச நீதிமன்றமே சொன்னது. தவிர, எல்லாப் பயத்துக்கும் சுவர் எழுப்பினால் பள்ளிக்கூடத்துக்குக் காசு மிஞ்சாது.

இருந்தாலும், 1997-இல் கண்ணை மூடியபோதே வாமுரா செய்தது சரிதான் என்பேன். அலை வந்துதான் அதை நிரூபிக்க வேண்டும் என்றில்லை. சுவர் வீணானால் நஷ்டம் பணமும், ஒரு மனிதரின் பெயரும். சுவர் இல்லாதபோது அலை வந்தால் நஷ்டம் உயிர். இரண்டு தப்பையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. ‘இன்னும் நிச்சயமாகத் தெரியட்டும்’ என்பது நிதானமான பேச்சாகத்தான் காதில் விழுகிறது. ஆனால் அதுவும் ஒரு சூதாட்டம்தான். ஆடுகிறவர் டோக்கியோ தலைமை அலுவலகத்தில், பணயம் வைக்கப்பட்டவர்கள் கடற்கரையில். சுவர்கூட வேண்டாம், ஜெனரேட்டர்களில் சிலவற்றையாவது மேட்டில் ஏற்றி வைத்திருக்கலாமே?

அந்தப் பெண் இதைப் படித்தால் அவளுக்கு ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26-இல் சுமத்ராவில் ஆடியது நம் நேரப்படி காலை ஆறரை மணிக்கு. அலை நாகை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு அவகாசம் இருந்தும் ‘ஓடு’ என்று சொல்ல ஆள் இல்லை. இன்று ஹைதராபாத்தில் அதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது, 2007 முதல். அவர்கள் சொல்வது சில சமயம் பொய்க்கும்.

பொய்க்கட்டும்மா. அடுத்த தடவையும் அம்மாவை ஓடச் சொல்லு. போன தடவை சிரிச்சாங்களே, அவங்களையும் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடச் சொல்லு.