மழைக்கு யார் பொறுப்பு?

அன்னதான வரிசையில் நிற்கும்போது அடிக்கடி காதில் விழும் வழக்கு ஒன்று உண்டு. மேலே வீட்டுக்காரர், கீழே பேஸ்மென்ற்றில் வாடகைக்கு ஒரு குடும்பம். பெருமழையில் கழிவுநீர்க் குழாய் நிரம்பி, தண்ணீர் நிலத்துவாரத்தால் மேலே ஏறுகிறது. கார்ப்பெற், மெத்தை, பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாம் நாசம். “மழை பெய்ததுக்கு நான் என்ன செய்யிறது?” என்கிறார் வீட்டுக்காரர். “முதலாந் திகதி வாடகை மட்டும் தவறாமல் வாங்கிறியள்தானே?” என்கிறார் கீழே இருப்பவர்.

இது அருமையாக நடப்பதல்ல. பியர்சன் விமான நிலையத்தில் 2013 யூலை 8இல் 126 மில்லிமீற்றர் மழை பதிவாகியது; 2024 யூலை 16இல் ஏறத்தாழ 98 மில்லிமீற்றர்.

இருவரும் பேசுவது குற்றத்தைப் பற்றி. கேள்வியோ பொறுப்பைப் பற்றியது. இரண்டும் ஒன்றல்ல. ஊரில் காணியை ஒற்றிக்கு எடுத்தவர் வட்டிக்குப் பதில் விளைச்சலை எடுத்தார். மழை பொய்த்தால் குற்றம் அவருடையதல்ல. ஆனால் குறைந்த விளைச்சல் அவருடையதுதான். பலனை எடுப்பவர் நட்டத்தையும் ஏற்பது நமக்குப் புதிதல்ல. கணக்குப் பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாடகை என்பது வெறும் இடத்துக்கான விலை அல்ல. வீட்டைக் குடியிருக்கத்தக்கதாக வைத்திருப்பதற்கான விலையும் அதற்குள் அடக்கம்.

ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் 20ஆம் பிரிவில் இதைத்தான் சொல்கிறது. வீட்டைத் திருத்தமாக வைத்திருப்பது உரிமையாளர் கடன். “குறையைப் பார்த்துத்தானே வந்தீர்கள்” என்று தப்ப முடியாது. அதற்காக எல்லாச் சுமையையும் அவர் தலையில் ஏற்றவும் இல்லை. 2016இல் லிஃப்ட் பழுதான ஒரு வழக்கில் மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றம், பழுது நேர்ந்தவுடனேயே உரிமையாளர் கடமை தவறியவராகிவிடுவதில்லை, அவர் நியாயமாக நடந்துகொண்டாரா என்றும் பார்க்கவேண்டும் என்றது. என் மனதுக்கு இது சரியாகவே படுகிறது. மழைக்கு அவர் பொறுப்பல்ல. மழைக்கு மறுநாள் காலைக்கு அவர் பொறுப்பு.

வாடகைக்கு இருப்பவருக்கும் கடன் உண்டு. அவரோ, அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளியோ கவனக்குறைவால் செய்த சேதத்தை அவரே திருத்தவேண்டும். பொரித்த எண்ணெயைக் குசினித் தொட்டியில் ஊற்றிவிட்டுக் குழாய் அடைத்தால் வீட்டுக்காரரை நோவதில் பயனில்லை. வீட்டுக்காரரின் காப்புறுதி கீழே உள்ளவரின் மெத்தைக்குப் பணம் தராது என்பதையும் பலர் தண்ணீர் வந்த பிறகுதான் அறிகிறார்கள். வாடகையை நிறுத்திவைப்பதும் ஆபத்து. அதையே காரணமாக வைத்து வெளியேற்ற விண்ணப்பிக்கலாம். முறையீடு செய்வதானால் ஓராண்டுக்குள் வீட்டு உரிமையாளர், வாடகையாளர் சபைக்குப் போகவேண்டும்.

ஆனால் நம்மவர் விடயத்தில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சுவரில் ஈரம் தெரிந்தும் கீழே இருப்பவர் சொல்வதில்லை. சொன்னால் “எழும்பு” என்பார்களோ என்ற பயம். தெரிந்தும் மேலே இருப்பவர் ஆளைக் கூப்பிடுவதில்லை. அனுமதியில்லாத பேஸ்மென்ற் என்று நகரசபைக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். (நகரசபை அனுமதி இல்லாவிட்டாலும் வாடகையாளரின் உரிமை போய்விடாது.) இரண்டு பயத்துக்கும் நடுவில் பூஞ்சணம் வளர்கிறது. அதைச் சுவாசிப்பது அங்கே படுத்துறங்கும் பிள்ளை.

இன்னொன்று. உரிமையாளரோடு குசினியையோ குளியலறையையோ பகிர்ந்து வாழவேண்டியவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நம் வீடுகளில் அப்படி இருப்பவர் எத்தனை பேர்! புதிதாக வந்த மாணவர், தனியாக இருக்கும் ஐயா, உறவுக்காரப் பொடியன். அவர்களுடைய அறையில் தண்ணீர் புகுந்தால் 20ஆம் பிரிவைக் காட்ட முடியாது. அங்கே வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்பதை எந்தச் சபையும் விசாரிக்காது. நாமும் ஒருகாலம் அப்படியான அறைகளில் இருந்தவர்கள். அந்த அறைகளின் வாசம் பலருக்கு இன்னும் நினைவிருக்கும்.

அடுத்த பெருமழைக்கு முன் குழாயில் பின்னோட்டத் தடுப்பு வால்வு இருக்கிறதா என்று மேலே இருப்பவர் பார்க்கட்டும். பொருத்துவதற்கு ரொறன்ரோ நகரசபை மானியம் தருகிறது. கீழே இருப்பவர் இன்றைக்கே சுவரை ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும்.