தரிசு நிலத்து நீலம்

விஷ்ணுகிரந்தி, தரிசிலும் வரப்பிலும் புறம்போக்கிலும் தரையோடு தரையாகப் படரும் சிறு பூண்டு. தேவதானம், சேத்தூர் பக்கத்து மானாவாரி மண் போன்ற வறண்ட நிலமே அதற்கு ஏற்றது. மெலிந்த தண்டிலும் இலையிலும் பட்டு மயிர் படிந்திருக்கும். பூ சட்டைப் பொத்தான் அளவுகூட இராது. வான்நீலம், நடுவில் வெளிறல்.

அதே நிலத்தில் கானாவாழையும் நீலமாகப் பூக்கும். அதன் பூ ஒரு மடலுக்குள்ளிருந்து வெளிவரும். இரண்டு இதழ் பெரிது, ஒன்று சிறிது. வேலியில் பூக்கும் கருவிளை சுற்றி ஏறும் கொடி. விஷ்ணுகிரந்தி எதையும் சுற்றுவதில்லை. ஐயம் தீராவிட்டால் உருப்பெருக்கியில் பூவின் நடுவைப் பார்க்க வேண்டும். சூல்தண்டு இரண்டு, ஒவ்வொன்றும் மறுபடி பிளந்து நான்கு இழைகளாக நிற்கும். நெருங்கிய உறவான கான்வால்வுலஸில் சூல்தண்டு ஒன்றுதான். தாவரவியலாளர் லின்னேயஸே 1753இல் விஷ்ணுகிரந்தியை அந்தப் பேரினத்தில் வைத்து, பின்னர் 1762இல் எவால்வுலஸ் என்று பிரித்தார். சங்கபுஷ்பி என்ற பெயரில் இந்த மூன்று செடிகளும், விஷ்ணுகிரந்தி, கான்வால்வுலஸ், கருவிளை என, இடத்துக்கு ஒன்றாக மருந்தாகின்றன. ஆகவே அடையாளம் தவறினால் மருந்தும் மாறிவிடும்.

வழிபாட்டில் இந்த வேறுபாடு பொருட்டா? திருமாலின் நிறம் இருந்தால் எந்தப் பூவானால் என்ன என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு அத்வைதத்தில் ஓர் ஆதரவு உண்டு. தேவதானத்து நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி என்ற சிவன் கோயில், தென்பாண்டி நாட்டுப் பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத் தலம். ஆகாயத்துக்கு நிறம் கிடையாது, நீலம் நாம் ஏற்றிப் பார்ப்பது என்பது அத்வைத நூல்கள் எடுத்தாளும் உவமை. பூக்களின் பன்மையையும் அத்வைதம் முடிவான உண்மையாகக் கொள்வதில்லை. உலக வழக்கின் அளவில் மட்டும் ஏற்கிறது.

ஆண்டாளின் ஸ்ரீவில்லிபுத்தூர் மரபு வேறு பக்கம் நிற்கிறது. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் குயிலையும் மயிலையும் கருவிளையையும் களங்கனியையும் பூவைப்பூவையும் தனித்தனியே பெயர் சொல்லி அழைத்து, திருமாலின் நிறத்தை ஏன் கொண்டீர்கள் என்று கடிந்துகொள்கிறாள். நிறம் அவனுடையது, ஆனால் இவை அவன் அல்ல. அந்த இடைவெளிதான் அவள் வேதனை. பின்னாளில் ஆண்டாளுக்கு அண்ணன் எனப் போற்றப்பட்ட இராமாநுசர், உலகம் இறைவனுக்கு உடல் என்றார். உடல் மெய், அதிலுள்ள வேறுபாடுகளும் மெய். இந்த நோக்கில் செடியைப் பிரித்தறிவது பக்திக்குப் புறம்பான வேலை ஆகாது. எல்லா நீலத்தையும் ஒன்றாக்குவதே கவனக்குறைவு.

சடங்கில் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. கேரளத்தின் தசபுஷ்பம் என்ற பத்துச் செடிகளில் விஷ்ணுகிரந்தி ஒன்று. உரிய செடி அகப்படாதபோது என்ன செய்வது? வேள்விக்குரிய சோமச் செடி கிடைக்காவிடில் பூதிகம் என்ற செடியைக் கொள்ளலாம் என்று, வேத விதிகளை ஆராயும் மீமாம்சை இடம் தருகிறது. ஆனால் அது மாற்றாகவே நிற்கும், சோமமாகிவிடாது. மாற்றுப் பொருள் தேடுகிறவர் மூலப் பொருளை முதலில் அறிந்திருக்க வேண்டும். அறியாமல் வேறொரு நீலப்பூவை வைப்பதற்கு அந்த விதி பொருந்தாது.