குளிரும் ஓய்வும்

ஒரு பொருள் இன்பம் தருவதும் துன்பம் தருவதும் அப்பொருளின் இயல்பைப் பொறுத்தனவா, அதனை நுகர்வோரின் நிலையைப் பொறுத்தனவா? இவ்வினாவை வகுப்பறையில் நான் பலமுறை எழுப்பியதுண்டு. பசித்தவனுக்குக் கிடைக்கும் சோறும் பசியில்லாதவனுக்குக் கிடைக்கும் சோறும் ஒன்றல்ல என்று எளியதோர் எடுத்துக்காட்டைக் கூறிப் பாடத்தை முடித்ததும் உண்டு. அவ்விடை போதாது என்பதை, பணி ஓய்வு பெற்றபின் என் மனைவியுடன் திரிங்காப்பில் கழித்த மூன்று நாள்கள் எனக்கு உணர்த்தின.

எங்களுக்குத் திருமணமாகி முப்பத்தைந்து ஆண்டுகள் நிறைவுற்றன. அதனை முன்னிட்டு, டிசம்பரில் நான்கு நாள் ஸ்டாக்ஹோம் நகருக்குச் சென்று வருமாறு எங்கள் மகன் வற்புறுத்தினான். சுவீடன் நாட்டின் அத்தலைநகரில் அம்மாதத்தில் பகலொளி ஏறத்தாழ ஆறு மணி நேரமே நிற்கும். காம்லா ஸ்டான் எனப்படும் பழைய நகரின் குறுகிய தெருக்களிலும் சன்னல்களிலும் விளக்குகள் மின்னும். கணவனும் மனைவியும் கைகோத்து நடந்து, குளிர் தாங்காதபோது ஏதேனும் ஒரு சிற்றுண்டிக் கடையில் புகுந்து சூடாகக் காப்பி அருந்தலாம். இவற்றையெல்லாம் அவன் ஆர்வத்துடன் விவரித்தான். என் மனைவி பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "குளிரைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா, தம்பி? நான் பிறந்த ஊரிலேயே அது இருக்கிறதே" என்றார்.

அவர் பிறந்தது திரிங்காப்பை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றில். பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது திரிங்காப். தேயிலைச் சரிவுகளும், காய்கறிப் பாத்திகளும், நெகிழிக் கூரையிட்ட பூந்தோட்டங்களும் அதனைச் சூழ்ந்துள்ளன. 1885-ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியை ஆய்ந்து சென்றார். அவர் பெயரே மலைக்கு வழங்கலாயிற்று. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து கண்டபின், இதனை மலைவாழிடமாக உருவாக்கும் முயற்சி தொடங்கியது. 1929-இல் ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். உதகைக்கும் நுவரெலியாவுக்கும் ஆங்கிலேயர் எதனை நாடிச் சென்றனரோ, அதனையே இங்கும் நாடினர். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும். அந்த ஆறேழு பாகைக்காகவே, காட்டைக் குடைந்து சாலை அமைக்கப்பட்டது. ஓய்வுக்கு வந்தோர் ஒருபுறமிருக்க, உழைப்புக்கு அழைத்து வரப்பட்டோர் மறுபுறம் குடியேறினர். பின்னவருள் மிகப் பலர் தமிழர். என் மனைவியின் பெற்றோரும் அவர்கள் வழிவந்தோரே.

முதல்நாள் மாலை, பனிமூட்டம் விலகிய ஒரு நொடியில் மலைச்சரிவு முழுதும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தோன்றியது. நான் தன்னை மறந்து, "எவ்வளவு அழகு, பார்த்தாயா?" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அம்மா இந்தக் குளிரை அழகென்று சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லைங்க. விடியும் முன்னே நிறைக்குப் போவார்கள். செடியிலிருக்கும் பனி இடுப்புவரை நனைத்துவிடும். கைவிரல் மடங்காது. மாலையில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் விரல் திரும்ப வரும்" என்றார்.

அவர் குரலில் குறைகூறும் தொனி இல்லை. நினைவுகூரும் தொனியே இருந்தது. ஆயினும் நான் கண்ட அழகு அந்நொடியே வேறோர் உருக்கொண்டது. தேயிலை இயல்பில் செடியன்று, மரம். வெட்டாது விட்டால் ஆளுயரத்தையும் கடந்து வளரும். இடைவிடாமல் கிள்ளியும் கவாத்து செய்தும் வருவதாலேயே அது இடுப்பளவில் நின்று, சமதளமாகப் பரந்து காட்சி தருகிறது. நான் இயற்கை எனக் கருதி வியந்தது உண்மையில் மனிதக் கைகள் செதுக்கிய வடிவம். சரிவின் ஒவ்வொரு வளைவிலும் என் மாமியாரைப் போன்றோரின் விரல்கள் பதிந்துள்ளன.

இங்கு அறவினா ஒன்று எழுகிறது. பிறர் துன்பத்தில் விளைந்த அழகை நாம் நுகர்வது தகுமா?

இதற்கு இருவகை விடைகள் கூறப்படுவதுண்டு. விடுதிக்கு வாடகையும் தேநீருக்கு விலையும் கொடுத்துவிட்டோம், கணக்குத் தீர்ந்தது என்பது முதல் விடை. ஆனால் நாம் விலை கொடுத்தது அறைக்கும் தேநீருக்குமே. மலைக்காட்சிக்கு எவரும் நம்மிடம் பணம் கேட்கவில்லை. நாம் எதற்காகப் பயணம் மேற்கொண்டோமோ அதற்கு மட்டும் நாம் எதுவும் தரவில்லை! எனவே கணக்குத் தீர்ந்தது என்பது பொருந்தாது.

அப்படியாயின் அங்குச் செல்லாதிருப்பதே நன்று என்பது இரண்டாவது விடை. மேலோட்டமாகப் பார்ப்பின் இஃது உயர்ந்ததாகத் தோன்றும். எனினும், நான் வருந்தி வீட்டிலேயே இருந்துவிட்டால் எவருடைய விரல்கள் வெம்மையுறும்? சாலையோரத்தில் கீரையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் விற்போருக்கு அன்றைய வருவாய் குறைவதே மிச்சம். பயன் தராத குற்றவுணர்வு அறமாகாது.

இவ்விரண்டிற்கும் அப்பாற்பட்ட விடையை இரண்டாம் நாள் காலையில் என் மனைவியிடமிருந்தே பெற்றேன். சரிவை நோக்கி அமைந்த திண்ணையொன்றில், கையில் தேநீர்க் குவளையுடன் அவர் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தார். பேசவில்லை, எழவுமில்லை. குளிர் அன்றும் அதே குளிர்தான். இறுதியில், "இந்த மலையில் நான் சும்மா உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை" என்றார். சற்றுப் பொறுத்து, "மலையில் மட்டுமா?" என்று தமக்குத்தாமே கூறிக்கொண்டார்.

அவ்விரு தொடர்களும் என் உள்ளத்தைத் தைத்தன. குளிரை இன்பமாக்குவது கம்பளியன்று, ஓய்வு. திரும்பிச் செல்லச் சூடான அறையும், எழுந்து ஓட வேண்டாத காலைப்பொழுதும் உடையவனுக்கே குளிர் இனிக்கிறது. ஸ்டாக்ஹோமின் பனிக்காலமும் இவ்விதிக்கு விலக்கன்று. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், ஓய்வை அடைவதற்காகவே நாம் உழைக்கிறோம் எனக் கருதினார். ஓய்வு என்பது உழைப்பின் இடைவேளையன்று, அதன் நோக்கம். ஆனால் அவர் காலத்து ஏதென்சில் அவ்வோய்வு அடிமைகளின் உழைப்பின்மேல் நின்றது. அந்நெறியின் பெருமையும் சிறுமையும் ஒருங்கே இருந்தன.

ஓய்வைச் சிலரின் பேறாக வையாமல் எல்லோருக்கும் உரிமையாக்க வேண்டும் என்னும் எண்ணம் மிக அண்மையில் தோன்றியதே. 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பேரறிக்கை, தன் 24-ஆம் பிரிவில், ஊதியத்துடன் கூடிய விடுமுறை உட்பட ஓய்வை ஒவ்வொருவரின் உரிமையாக அறிவித்தது. சுவீடன் 1938-லேயே தொழிலாளர் அனைவர்க்கும் இரு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. அந்நாட்டின் 1977-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை இருபத்தைந்து நாளாக உயர்த்தியது. அங்கு விடுதியறையைத் துடைப்பவருக்கும் ஆண்டில் ஐந்து வாரம் உண்டு. நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டமும், பணிக்காலத்திற்கேற்ப எட்டு, பன்னிரண்டு, பதினாறு நாள் விடுப்பை வகுத்துள்ளது.

ஆயினும் சட்டம் தரும் விடுப்பு வேறு, வாழ்வில் வாய்க்கும் ஓய்வு வேறு. என் மாமியாருக்கும் விடுப்பு இருந்தது. பிள்ளைகளின் காய்ச்சலுக்கும், உறவினர் திருமணத்திற்கும், பங்காளி வீட்டுத் துக்கத்திற்கும் அது சரியாகப் போயிற்று. கணவருடன் ஒரு நாள் தாப்பாவுக்கு இறங்கிச் சென்று, வேலை ஏதுமின்றிக் கடைத்தெருவைச் சுற்றிவர அவருக்கு ஒருநாளும் இயன்றதில்லை.

இவ்விடத்தில் நம் இலக்கண மரபை எண்ணிப் பார்த்தல் பொருந்தும். மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி. அதற்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், உரிப்பொருள் புணர்தல். இருவர் குளிர்காலத்தில் மலையை நாடுவது மேலைநாட்டாரிடமிருந்து நாம் கற்ற பழக்கம் என்று எண்ணுவோர் இதனை மறந்தவராவர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. குறிஞ்சித் தலைவி வெளியூரிலிருந்து வந்த விருந்தினள் அல்லள், அம்மலையின் மகள். தினைப்புனம் காக்கும் வேலையின் நடுவே அவளுக்குக் காதலும், அருவியாடலும், ஊசலாடலும் வாய்த்தன. வேலை செய்தவளே மலையின் இன்பத்திற்கும் உரியவளாக இருந்தாள். இன்றோ மலையின் இன்பம் வந்து செல்வோருக்கும், அதன் வேலை அங்கிருப்போருக்கும் எனப் பிரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் இப்பிரிவைக் கண்கூடாகக் கண்டேன். சரிவின் ஓரத்தில் ஓர் இளைஞர் கொழுந்து மூட்டையை இறக்கி வைத்து இளைப்பாறினார். இன்று இத்தோட்டங்களில் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் பெருமளவில் உழைக்கின்றனர். என் மனைவி தோட்டத்து வழக்கப்படி, "சூடா மாக்கான்?" என்று, சாப்பிட்டாயிற்றா என மலாயில் வினவினார். அவர் முகம் மலர்ந்தது. தாம் வங்காளதேசத்தவர் என்றார். சிறிது நேரத்தில் கைப்பேசியை எடுத்து, தம் மனைவியின் படத்தைக் காட்டினார். அப்பெண் ஊரில் இருக்கிறார். தற்காலிக வேலை அனுமதியில் வருவோர் குடும்பத்தை உடன் அழைத்து வர இயலாது. மணமான பின் இருவரும் சேர்ந்திருந்த நாள்களை அவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.

பொருள் தேடித் தலைவன் பிரிவது பாலைத்திணை. குறிஞ்சியும் முல்லையும் கோடையின் கொடுமையால் தம் தன்மை கெடும்போது பாலை பிறக்கிறது என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். இம்மலையில் குளிர் குன்றவில்லை, அருவி வற்றவில்லை. எனினும் அதே மலை எங்களுக்குக் குறிஞ்சியாகவும், பத்தடி தொலைவில் நின்ற அவருக்குப் பாலையாகவும் இருந்தது. நிலம் திரியாமலே திணை திரிந்ததற்குக் காரணம் கதிரவன் அல்லன். மனிதர் வகுத்த ஏற்பாடு. மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றவும் இயலும் அன்றோ?

ஆகவே தொடக்கத்து வினாவுக்கு இன்று நான் கூறக்கூடிய விடை இதுவே. இன்பம் பொருளிலும் இல்லை. நுகர்வோரின் மனநிலையில் மட்டும் அடங்கியதும் அன்று. அவருக்கு வாய்த்த ஓய்வில் அது பெரிதும் அடங்கியுள்ளது. ஓய்வோ தனியொருவர் படைத்துக்கொள்வதன்று. பிறர் தம் உழைப்பால் நமக்குத் தருவது. இருவர் சேர்ந்து ஓய்ந்திருக்கும் மூன்று நாள் தவறன்று, பெரும்பேறு. அப்பேற்றைச் சுவைத்தவர் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் தாம் சுவைத்தது எத்துணை நல்லது என அறிந்துவிட்ட பிறகு, அது பிறருக்கு மறுக்கப்படுவதைக் கண்டும் வாளாவிருத்தல் தகாது. வாரத்தில் ஒருநாள் விடுப்பு, கணவனும் மனைவியும் கூடி வாழும் வாய்ப்பு, விடுப்பை ஓய்வாக்கும் அளவிற்கு ஊதியம் ஆகியவற்றைக் கேட்போர் குரலுடன் நம் குரலும் சேர வேண்டும். விருந்தினர் தம்மை ஏற்ற மலைக்குச் செலுத்தும் கடன் அது.

இவ்வளவும் எழுதிய பின்னும், "மலையில் மட்டுமா?" என்ற சொல் என்னை விடவில்லை. ஆசிரியனாகிய எனக்கு ஆண்டுதோறும் பள்ளி விடுமுறைகள் இருந்தன. அந்நாள்களிலும் எங்கள் வீட்டு அடுப்புக்கு விடுமுறை இருந்ததில்லை. தோட்டத்து ஏற்பாட்டின் குறையைக் கண்ட என் கண், என் வீட்டு ஏற்பாட்டின் குறையை முப்பத்தைந்து ஆண்டுகளாகக் காணவில்லை. கிள்ளானுக்குத் திரும்பிய மறுநாள் காலை, தேநீரை நான் போட்டேன். சர்க்கரை சற்று மிகுந்துவிட்டது. அவர் ஒன்றும் கூறாமல் வாசல் நாற்காலியில் அமர்ந்து அருந்தினார். இத்தனை ஆண்டுக் கடனுக்கு ஒரு குவளைத் தேநீர் ஈடாகாது. கடன் உண்டென்று ஒப்புக்கொள்வதற்கான முதல் தவணையாக மட்டும் அது இருக்கட்டும்.