இலவசமாய் வந்ததை விலைக்கு விற்கலாமா?

குச்சவெளியிலிருந்து ஒரு மாணவன் பஸ் ஏறித் திருகோணமலைக்குச் சென்று, தன் பழைய கணனிக்கு எழுத்து வேலைக்கான மென்பொருள் ஒன்றை இரண்டாயிரம் ரூபாவுக்கு வாங்கி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். இறுவட்டின் உறையில் கடையின் பெயர் உண்டு. ஆக்கியோர் பெயர் இல்லை. உள்ளே இருப்பதோ, எவரும் ஒரு சதமும் கொடாமல் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளக்கூடிய லிப்ரே ஒபிஸ். கடைக்காரர் செய்தது களவா?

விற்றது குற்றமன்று. சுதந்திர மென்பொருள் இயக்கத்தைத் தொடக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985இல் தமது ஈமாக்ஸ் மென்பொருளை நாடாவில் பதிந்து 150 டொலருக்கு விற்றவர்தாம். ஆனால், வாங்கியவர் அதைப் பிரதி செய்து பிறருக்கு வழங்கலாம் என்பதை அவர் ஒளிக்கவில்லை. பிற்காலத்தில் பிளெண்டர் என்னும் முப்பரிமாணப் பட மென்பொருளை வேறு பெயர் சூட்டி, தம் சொந்த ஆக்கம்போல் விற்றவர்கள் செய்ததோ வேறு. 2018இல் லிப்ரே ஒபிஸையே யாரோ மைக்ரோசொப்ட் இணையக் கடையில் விலைக்கு வைத்தார்கள். அந்தப் பணம் தங்களுக்கு வருவதில்லை என்று அதனைப் பேணும் நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது.

பொதுக் கிணற்று நீரை வீடு தேடிக் கொண்டுவந்து தருபவனுக்குக் கூலி கொடுக்கிறோம். அது நியாயம். கிணறே தன்னுடையது என்று அவன் சொன்னால்? கூலி அப்போது வேறொன்றாகிவிடுகிறதல்லவா?

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் இக்கரையையும் அள்ளிச் சென்றது. அதையடுத்த நாட்களில் இலங்கையின் கணனி வல்லுநர்கள் பலர் ஊதியமின்றி உழைத்து, காணாமற்போனோரைத் தேடவும் முகாம்களைப் பதியவும் 'சஹன' என்ற மென்பொருளை ஆக்கினார்கள். சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்று பொருள். அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் அது சும்மா கிடைத்தது. கொடுத்தவர்கள் யாரென்பதும் தெரிந்திருந்தது.

"பொருள் நன்றாய்த்தானே வேலை செய்கிறது, பையனுக்கு என்ன நட்டம்?" என்று கடைக்காரர் கேட்கக்கூடும். இரண்டாயிரம் ரூபாவை விட்டுவிடுவோம். அலைச்சலுக்கும் இறுவட்டுக்கும் ஒரு பகுதி தகும். ஆனால் நாளை அடுத்த வீட்டுப் பிள்ளை வந்து, "அண்ணா, எனக்கும் ஒரு பிரதி தாங்கோ" என்று கேட்கும். கொடுக்க அவனுக்கு முழு உரிமை உண்டு. அது தெரியாமல், "ஐயோ தம்பி, அது களவாகிவிடும், காசு சேர்த்துக் கடையிலேயே வாங்கு" என்று, நேர்மையாய் நடப்பதாக எண்ணி, அவன் கைவிரிப்பான்.