பெயரைச் சுமப்பவர் யார்?

ஒரு மனிதர் இறந்தால் அவருடைய உடைமைகளுக்கு வாரிசு யார் என்பதைச் சட்டம் சொல்லிவிடுகிறது. ஒரு கழகம் இறந்தால் அதன் பெயருக்கு வாரிசு யார்? அந்தப் பெயரை ஆண்டாண்டுக் காலமாக நெஞ்சில் தாங்கிய மக்களா? அதைப் பதிவேட்டில் வைத்திருக்கும் நிறுவனமா? ஏற்றுச் சுமக்க முன்வரும் வேறோர் ஊரா? ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக் விளையாட்டில் 2025ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட ஒரு முடிவு இந்த வினாவை நம்முன் வைத்திருக்கிறது. விளையாட்டுச் செய்திதானே என்று இதனை ஒதுக்கிவிட வேண்டாம். நினைவு, உரிமை, நீதி ஆகிய மூன்றும் இதில் பின்னிக் கிடக்கின்றன.

ரக்பி லீக் என்பது அணிக்குப் பதின்மூவர் வீதம், நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி மோதி முன்னேறும் முரட்டு ஆட்டம். சிட்னி நகரில் 1908இல் இதற்கான போட்டித் தொடர் தொடங்கியபோது அதில் இடம்பெற்ற கழகங்களுள் ஒன்று நார்த் சிட்னி. துறைமுகத்தின் வடகரை மக்களின் கழகம் அது. சிவப்பும் கறுப்பும் அதன் நிறங்கள். 1921, 1922 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வாகை சூடியது. அதன்பின் ஒருமுறையேனும் சூடவில்லை. 1943இல் இறுதியாட்டம் வரை சென்று தோற்றது. 1991, 1994, 1996, 1997 ஆகிய ஆண்டுகளில் இறுதியாட்டத்திற்கு ஒரே ஒரு படி கீழே நின்று, நான்கு முறையும் வீழ்ந்தது. இத்தகைய கழகத்தை ஒருவர் நேசிக்கிறார் என்றால் அதற்குக் காரணம் வெற்றியாக இருக்க முடியாது. தந்தை நேசித்தார், அதனால் மகனும் நேசித்தான், அவ்வளவுதான். இடையில் ஊரே மாறிப்போனது. 1932இல் திறக்கப்பட்ட துறைமுகப் பாலத்திற்காக வடகரையில் நூற்றுக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. பின்னாளில் தொழிலாளர் குடியிருப்புகள் இருந்த இடங்களில் அலுவலகக் கோபுரங்கள் எழுந்தன. மக்கள் சிதறினார்கள், பற்று சிதறவில்லை.

இக்கழகத்தினர் 'பேர்ஸ்', அதாவது கரடிகள் என்று அழைக்கப்பட்டார்கள். அந்தப் பெயர் தொன்மையான குலச்சின்னம் எதிலிருந்தும் வந்ததன்று. அப்பகுதியில் கரடிப் பெயர் தாங்கிய பேரங்காடி ஒன்று கழகத்திற்கு ஆதரவளித்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் என்பார்கள். விளம்பரமாக வந்தது கண்ணீருக்குரிய அடையாளமாக மாறியிருக்கிறது. புனிதமான பெயர் என்று நாம் கருதுபவற்றுள் எத்தனை இப்படிப் பிறந்தனவோ!

இனி அதன் சாவைப் பார்ப்போம். 1995இல் இரு பெரும் செய்தி முதலாளிகள் இந்த விளையாட்டின் ஒளிபரப்பு உரிமைக்காகப் போரிட்டார்கள். ரூப்பர்ட் மர்டாக்கின் நிறுவனம் 'சூப்பர் லீக்' என்ற போட்டித் தொடரைத் தனியே உருவாக்கியது. கெர்ரி பாக்கர் பழைய அமைப்பின் பக்கம் நின்றார். 1997இல் ஒரே நாட்டில் இரண்டு போட்டித் தொடர்கள் நடந்தன. மறு ஆண்டு சமாதானம் பிறந்தது; இருபது கழகங்கள் ஒரே தொடரில் ஆடின. ஆயின் அந்தச் சமாதானத்திற்கு ஒரு விலை உண்டு: 2000ஆம் ஆண்டிற்குள் கழகங்களின் எண்ணிக்கை பதினான்காகக் குறைய வேண்டும். முதலாளிகளின் சண்டைக்குக் கழகங்கள் உயிர்கொடுத்தன என்பதே இதன் நேரான பொருள்.

நார்த் சிட்னி தப்பிக்க முயன்றது. நகருக்கு வடக்கே கோஸ்போர்டு என்னும் ஊருக்குக் குடிபெயரத் திட்டமிட்டது. அங்கு எழுந்துகொண்டிருந்த விளையாட்டரங்கின் பணி மழையால் தாமதமாயிற்று. கடன் கழுத்தை நெரித்தது. 1999இல் தனித்த முதல்நிலை அணியாக அதன் கடைசிப் பருவம் முடிந்தது. மறு ஆண்டு அண்டைக் கழகமான மேன்லியுடன் அது இணைக்கப்பட்டது. மேன்லியோ நார்த் சிட்னியின் எல்லைக்குள்ளிருந்தே பிரிந்து 1947இல் உருவாகி, நெடுங்காலப் பகையாளியாக வளர்ந்த கழகம்! அந்தக் கூட்டுக்குடித்தனம் 2002இல் முறிந்தது. முதல்நிலை உரிமம் மேன்லியிடமே போய்ச் சேர்ந்தது. நார்த் சிட்னி இரண்டாம் நிலைப் போட்டியில், தன் பழைய திடலில், தன் பழைய நிறங்களில் தொடர்ந்து ஆடியது. ஆகவே முற்றிலும் இறந்தது என்றும் சொல்வதற்கில்லை. மேடையிலிருந்து இறக்கப்பட்டது என்பதே சரி.

அதே 1999ஆம் ஆண்டின் இறுதியில் சவுத் சிட்னியும் வெளியேற்றப்பட்டது. அதன் ஆதரவாளர்கள் பல்லாயிரவராய் வீதியில் இறங்கினார்கள், வழக்குத் தொடுத்தார்கள். 2001இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு ஆயம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது; 2002இல் அவர்கள் திரும்பி வந்தார்கள். 2003இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியபோதும் அவர்களை மீண்டும் வெளியேற்றும் துணிவு எவருக்கும் வரவில்லை. உரக்கக் குரல் எழுப்பியவர்களுக்கு நீதி கிடைத்தது. கடனிலும் இணைப்பிலும் சிக்கி வாயடைத்துப்போனவர்களுக்குக் கிடைக்கவில்லை. நீதி கேட்பவரின் தொண்டை வலிமையைப் பொறுத்தது நீதி என்றால், அதனை நீதி என்று அழைக்கலாமா?

கால் நூற்றாண்டு கழிந்தது. 2025 மே மாதத்தில், தேசிய ரக்பி லீக் அமைப்பும் மேற்கு ஆஸ்திரேலிய அரசும் ஓர் உடன்பாட்டை அறிவித்தன. 2027ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து பதினெட்டாவது அணியாகப் 'பெர்த் கரடிகள்' களமிறங்கும் என்பது அறிவிப்பு. சிவப்பு, கறுப்பு நிறங்களும் கரடிச் சின்னமும் நார்த் சிட்னியுடையவை. ஊர் மட்டும் பெர்த். சிட்னியிலிருந்து பெர்த் ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர். இடையில் ஒரு கண்டத்தின் அகலமே கிடக்கிறது.

இதனை உயிர்ப்பு என்று சொல்ல நம் நாவு தயங்குவது நியாயமே. அந்தச் சொல்லின் எடை நமக்குத் தெரியும். அப்படியானால் இதை என்னவென்று அழைப்பது? பழைய கிரேக்கர்கள் தீசியஸ் என்னும் வீரனின் கப்பலைப் பற்றி ஒரு புதிர் சொன்னார்கள். உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், எல்லாம் மாறியபின் நிற்பது அதே கப்பல்தானா? பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் இந்தப் புதிரை மேலும் இறுக்கினார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பலாகக் கட்டினால் இரண்டில் எது தீசியஸின் கப்பல்? நார்த் சிட்னித் திடலில் இரண்டாம் நிலையில் ஆடிவரும் அணி, பலகை மாறி மாறித் தொடர்ந்து மிதந்த கப்பல். பெர்த் அணியோ பலகை ஒன்றுகூடப் பழையதல்ல. கொடி மட்டும் பழையது. ஹாப்ஸ் கூட எண்ணிப் பாராத மூன்றாவது கப்பல் இது.

அதே திடலில் ஒரு பார்வையாளர் மாடம் நிற்கிறது. 1890களில் சிட்னி கிரிக்கெட் திடலில் கட்டப்பட்டது. பின்னர் பெயர்த்தெடுக்கப்பட்டு இங்கே நிறுவப்பட்டது. பழைய ஷில்லிங் நாணயத்தின் வழக்குப் பெயரால் இன்றும் அது அழைக்கப்படுகிறது. இடம் மாறியும் அது அதே மாடம்தான் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. மரமும் இரும்பும் இடம் மாறினால் நாம் ஏற்றுக்கொள்கிறோம். பெயர் இடம் மாறினால் ஏன் திடுக்கிடுகிறோம்? மரம் யாரையும் நேசித்ததில்லை, அதனால்தான் போலும். பெயருக்குள் மனிதர் இருக்கிறார்கள்.

பறித்ததைத் திருப்பிக் கொடுத்தல் பற்றிப் புனித தாமஸ் அக்குவினாஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். யாரிடமிருந்து எடுக்கப்பட்டதோ அவரிடமே அது சேர வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் பெர்த் கரடிகள் பாதித் திருப்பிக்கொடுத்தல்தான். பெயரும் நிறமும் முதல்நிலைக்குத் திரும்புகின்றன. ஆனால் வடகரையிலிருந்து பறிக்கப்பட்டது மேற்குக் கரையில் இறக்கி வைக்கப்படுகிறது. கொடுப்பவரும் அன்று கழகங்களைக் குறைத்த அதே அமைப்பினர்தாம். தாம் மூடிய கடையின் பெயர்ப்பலகையை எடுத்துத் துடைத்து, வேறு ஊரில் மாட்டுகிறார்கள். அந்தப் பலகைக்கு மதிப்புக் கூடியதும், இத்தனை ஆண்டுகள் அதை மறவாமல் இருந்த மக்களால்தான்.

அதற்கு விடை உண்டு என்பதையும் மறைக்கலாகாது. நார்த் சிட்னிக் கழகமே இதை விரும்பிக் கேட்டது. மத்தியக் கரைப் பகுதியை மையமாக வைத்துப் பல்லாண்டுகள் விண்ணப்பித்து, அது கைகூடாமற்போகவே, பெர்த்துடன் சேர இசைந்தது. உயிரோடிருக்கும் உரிமையாளரே சம்மதித்தபின் வெளியே நிற்கும் நாம் யார் அதைக் குறைகூற? வலுவான வாதம்தான். ஆயினும் கால் நூற்றாண்டு பசித்திருந்தவரின் சம்மதத்தை முழுச் சம்மதம் என்று கொள்வதில் ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. வேறு வழி ஏதும் முன்வைக்கப்படாதபோது 'ஆம்' என்ற சொல் எவ்வளவு சுதந்திரமானது? கிடைத்ததை நன்றியோடு பெற்றுக்கொள்வது ஏழையின் பண்பு. அந்த நன்றியைக் காட்டி, கொடுத்தவர் தம் கணக்கை முடித்துக்கொள்வது வேறு.

இங்கிலாந்தில் நடந்த ஒன்றை இதனோடு ஒப்பிடலாம். விம்பிள்டன் காற்பந்துக் கழகம் 2003இல் மில்டன் கீன்ஸ் என்ற தொலைவூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அதை எதிர்த்த ஆதரவாளர்கள் அதற்கு முந்திய ஆண்டே தங்களுக்கென ஒரு கழகத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஊர்ப் பொதுவெளியில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, அடித்தட்டுப் போட்டிகளிலிருந்து மேலேறி, 2011இல் தொழில்முறை லீக்கை எட்டினார்கள். 2007இல் மில்டன் கீன்ஸ் கழகம் பழைய கோப்பைகளின் மீதும் வரலாற்றின் மீதும் தனக்கிருந்த உரிமையை விட்டுக்கொடுத்து, அவற்றை விம்பிள்டன் பகுதியின் உள்ளாட்சியிடம் ஒப்படைத்தது. நினைவு அதன் பிறப்பிடத்துக்குத் திரும்பியது; எடுத்துச் சென்றவர்களே வரலாறு தங்களுடையதன்று என்று ஒப்புக்கொண்டார்கள். அங்கே மக்கள் பெயரை மீட்டார்கள். இங்கே பெயரை ஆட்சிபீடம் பகிர்ந்தளிக்கிறது.

பெர்த் நகரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்த விவாதத்தில் அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அந்நகருக்கும் ஓர் இறந்த பிள்ளை உண்டு. 1995இல் 'வெஸ்டர்ன் ரெட்ஸ்' என்ற அணி அங்கே பிறந்து, அந்த முதலாளிகளின் போரில் அகப்பட்டு, 1997 பருவத்தோடு மடிந்தது. மூன்றே பருவங்கள். ஆஸ்திரேலிய விதிகளின்படி ஆடும் காற்பந்தே கோலோச்சும் ஊரில் அந்த மூன்று பருவங்களும் சிலருக்கேனும் இளமையின் நினைவாக இருந்திருக்கும். பெர்த்துக்கு ஒரு பழைய பெயரைச் சூட்டத்தான் வேண்டுமென்றால் அந்தப் பெயரைச் சூட்டியிருக்கலாமே? சூட்டவில்லை. சிட்னியில் தயாராக இருந்த கரடி ஆதரவாளர் கூட்டம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கடிகாரம் சிட்னியைவிட இரண்டு மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அங்கே மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் கிழக்கே இரவு எட்டு மணித் தொலைக்காட்சிக்குச் சரியாகப் பொருந்துகிறது, அதுவும் வேண்டியிருந்தது. இவற்றில் குற்றம் ஏதுமில்லை. ஆயினும் அன்பின் பெயரால் பேசும்போது கணக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நேர்மை.

இவ்வளவும் சொன்னபின், இம்முடிவு தவறு என்று தீர்ப்புக் கூற மனம் வரவில்லை. பேரன் என்ற சொல்லுக்குப் பெயரன், பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்று நம் மொழி பொருள் வைத்திருக்கிறது. பேரன் பாட்டன் அல்லன். பாட்டன் திரும்பி வந்ததாக எவரும் மயங்குவதில்லை. ஆனால் அந்தப் பெயரை வாங்கியவுடன் அவனுக்குச் சில கடமைகளும் வந்துவிடுகின்றன. பாட்டி உயிரோடிருந்தால் அவளைப் பார்க்கப் போக வேண்டும். பாட்டனின் பழைய நண்பர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். பெர்த் கரடிகளை நான் அப்படித்தான் அளப்பேன். நார்த் சிட்னியின் உறுப்பினர்களுக்குப் புதிய அணியின் ஆட்சியில் வாக்குரிமையோடு கூடிய இடம் உண்டா? வடகரைச் சிறுவன் ஒருவன் இரண்டாம் நிலையில் நன்றாக ஆடினால் அவனுக்கு மேற்கே செல்லும் பாதை திறந்திருக்குமா? ஐந்தாறு ஆண்டுகள் தொடர்ந்து தோற்று, அரங்கு காலியாகி, 'சிட்னியின் பெயர் நமக்கு எதற்கு' என்று ஒரு விளம்பர வல்லுநர் எழுந்து கேட்கும் நாளில், கரடி அங்கே நிலைக்குமா? தோல்வியில் கைவிடாமல் இருந்ததுதான் இந்தக் கழகத்தின் ஒரே பெருமை. அந்தப் பெருமையின் பெயரை வாங்கிக்கொண்டு முதல் தோல்வியிலேயே அதைக் கழற்றிப் போட்டால், 1999இல் நடந்ததைவிடப் பெரிய அநீதியாகிவிடும்.

பெர்த்தில் வளரும் ஒரு குழந்தை என்றாவது தன் தந்தையிடம் கேட்கும்: ஆஸ்திரேலியாவில் கரடியே கிடையாதே, நம் அணி மட்டும் ஏன் கரடி? கோலாவைக் காட்டி ஏமாற்ற முடியாது. அது கரடி இனமன்று என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். தந்தை அப்போது கண்டத்தின் மறுகரையில் இருந்த ஓர் அங்காடியைப் பற்றியும், பாலத்திற்காக இடிந்த வீடுகளைப் பற்றியும், இறுதியாட்டத்தின் வாசலில் நான்கு முறை நின்று திரும்பியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அவருக்கு அந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும்.