ஐந்தில் அரை

இரவு இரண்டு மணி. ஏ.சி.க்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரத்தை நிறுத்தியாகிவிட்டது, பம்பு மட்டும் ஓடுகிறது. மேலே எந்த மாடியிலும் ஆள் இல்லை. இந்நேரத்தில் போகும் தண்ணீரும் திரும்பி வரும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். திரையில் அரை டிகிரி வித்தியாசம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அதே அரை டிகிரி, அசையவில்லை.

•

வெப்பத்தை அளக்கும் பி.டி.யூ. மீட்டர் என்று பெயர்தான். அது வெப்பத்தைத் தொடுவதே இல்லை. சப்ளை லைனில் ஒரு சென்சார், ரிட்டன் லைனில் ஒரு சென்சார், ஓட்டத்துக்கு ஒரு மீட்டர். மிச்சமெல்லாம் கழித்தலும் பெருக்கலும். பகலில் 7 டிகிரியில் போய் 12 டிகிரியில் திரும்புகிறது, விநாடிக்கு 60 லிட்டர். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 4.19 கிலோஜூல். பெருக்கினால் 1,257 கிலோவாட். எங்கள் பேச்சில் 357 டன்.

பன்னிரண்டில் அரை டிகிரி பிசகினால் யாருக்கும் தெரியாது. ஐந்தில் அரை போனால் பத்தில் ஒரு பங்கு. ஏறக்குறைய 36 டன். வாடகைக்கு இருப்பவர்கள் அதற்குப் பணம் கட்டுகிறார்கள்.

•

இந்த டன் நிஜமாகவே எடைதான். 907 கிலோ பனிக்கட்டி ஒரு நாள் முழுக்க உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பம்: 3.517 கிலோவாட். ஐஸ் விற்ற காலத்தின் கணக்கு. அமெரிக்க ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியை ஃபிரடெரிக் டியூடர் கப்பலேற்றி அனுப்ப, அது இந்தச் சென்னைக் கடற்கரையில் வந்து இறங்கியது. அதை வைக்க 1842இல் எழுப்பிய கட்டடம் இப்போது விவேகானந்தர் இல்லம். வழி கேட்பவருக்கு இன்னும் ஐஸ் ஹவுஸ். கடலைத் தாண்டி வந்தது கரைந்து போயிற்று. அதன் எடை மட்டும் எங்கள் லாக் புக்கில் தங்கிவிட்டது.

•

முதலில் ஓட்டத்தைச் சந்தேகித்தேன். குழாய்க்கு மேலேயே கட்டும் அல்ட்ராசோனிக் மீட்டரை எடுத்து, பெயின்ட் சுரண்டி, ஜெல் தடவிப் பொருத்தினேன். ஓட்டத்தோடு போகும் ஒலி சற்று முந்தும், எதிர்த்து வரும் ஒலி சற்றுப் பிந்தும். விநாடியைக் கோடிக் கூறாக்கினால் அதில் இரண்டு மூன்று கூறு, அவ்வளவுதான் இடைவெளி. இங்கேயும் கழித்தல்தான்.

ஆற்று வளைவில் தண்ணீர் ஒரு கரைப் பக்கமாகச் சாய்ந்து போவதுபோல, குழாய் வளைவு தாண்டியதும் ஓட்டம் கோணிக்கொண்டு போகும். நிமிர, குழாய் விட்டத்தைப் போல் பத்து மடங்கு நேர்தூரமாவது வேண்டும். எங்களுக்கு அது இரண்டு மீட்டர். கட்டடம் கட்டுபவர்கள் பிளான்ட் ரூமுக்கு அந்த இரண்டு மீட்டரை ஒருபோதும் விடுவதில்லை. தேடித் தேடி ஓரிடம் கிடைத்தது. ஓட்டம் சரியாகவே இருந்தது.

•

அடுத்தது சென்சார்கள். காலையில் ஒரு ஃபிளாஸ்க் நிறைய நொறுக்கிய ஐஸ், அது மூழ்கக் கொஞ்சம் தண்ணீர். கேன் தண்ணீரில் உறைய வைத்த ஐஸ்தான். மீன் கடை ஐஸில் உப்பு ஒட்டியிருந்தால் சுழியமே கீழே இறங்கிவிடும். இரண்டு சென்சாரையும் குழாயிலிருந்து உருவி, வயரோடு, ஒன்றாக உள்ளே விட்டோம். இரண்டும் சேர்ந்து ஒரே அளவு பொய் சொன்னால் பரவாயில்லை, கழித்தலில் அடிபட்டுப் போகும்.

சப்ளை 0.0. ரிட்டன் 0.5.

வயரைத் தடவிக்கொண்டே போனால், கேபிள் ட்ரேயின் மேல் டேப் சுற்றிய ஓர் இணைப்பு. சென்சாரிலிருந்து மூன்று கம்பி வருகிறது. அங்கிருந்து இரண்டுதான் போகிறது. இந்தப் பிளாட்டினம் சென்சார் ஒரு டிகிரிக்குக் காட்டும் மாற்றமே 0.385 ஓம். சில மீட்டர் செம்புக் கம்பி 0.2 ஓமைச் சேர்த்துவிட்டது. மூன்றாவது கம்பி இருந்திருந்தால் மீட்டர் அதைக் கழித்திருக்கும். வேலை செய்தவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு கம்பியிலும் திரையில் ஓர் எண் வந்ததே.

•

புது கேபிள் இழுத்தோம். பகல் பதினொன்றுக்கு வித்தியாசம் 4.5. மேலே யாரும் வேர்க்கிறது என்று சொல்லவில்லை.

ஐஸைக் கொட்ட எடுத்துப் போன பையன் வாசலில் நின்று கேட்டான்: “சார், அப்போ போன மாச பில்லு?”

லாக் புக்கில் தேதி எழுதினேன். பிழை என்ற இடத்தில் 0.5. எப்போதிலிருந்து என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன். டேப்பில் தூசி கனமாகப் படிந்திருந்தது. கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, மேலே போய் மேனேஜர் அறைக் கதவைத் தட்டினேன்.