சந்தேகம் யாருக்குச் சொந்தம்?

பாலம் கட்டிய எஞ்சினீயரை, முதல் வண்டி போகும்போது அதன் அடியில் நிற்க வைக்க வேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். தன் உயிர் என்றால் சிமென்ட்டில் கை வைக்க மாட்டாரே என்ற கணக்கு. நானும் ரொம்ப நாள் அதை நம்பிக்கொண்டிருந்தேன். பிரேசிலில் ஒரு மண் அணை உடைந்தபோது அந்த நம்பிக்கையும் சேர்ந்து உடைந்தது.

மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் புருமாதின்யு என்று ஓர் ஊர். அருகே வாலே கம்பெனியின் இரும்புச் சுரங்கம். தாதுவை அரைத்து இரும்பை எடுத்த பிறகு மிஞ்சுவது சேறு. கரும்புச் சக்கை என்றால் எரித்துவிடலாம். இதை என்ன செய்ய? கரை கட்டித் தேக்கி வைப்பார்கள். நிரம்பினால் கரையை உயர்த்த வேண்டும். அதில் செலவு குறைந்த வழி, ஏற்கெனவே கொட்டிய சேறு இறுகியதும் அதன் மேலேயே அடுத்த படியைக் கட்டுவது. எதைத் தடுக்க வேண்டுமோ, அதன் முதுகிலேயே தடுப்பு ஏறி உட்கார்ந்திருக்கும். 1976-ல் தொடங்கிய அணை இப்படியே 86 மீட்டர் வளர்ந்தது. 2016-ல் சேறு கொட்டுவதை நிறுத்தினார்கள். உள்ளே ஈரம் மட்டும் போகவில்லை.

கடற்கரையில் ஈர மணலைக் காலால் தொடர்ந்து தட்டிப் பாருங்கள். கெட்டியாக இருந்தது சட்டென்று கூழாகும். மணல் துகள்கள் ஒன்றையொன்று தாங்குகிற பிடி விட்டு, பாரமெல்லாம் நடுவில் மாட்டிய தண்ணீர் மேல் இறங்கிவிடுவதுதான் காரணம். 2019 ஜனவரி 25, பகல் 12.28-க்கு அந்த அணையே கூழானது. சில விநாடிகள்தான். அபாயச் சங்கு ஊதவில்லை. 270 பேர் இறந்தார்கள். வயிற்றிலிருந்த இரண்டு சிசுக்களையும் சேர்த்து 272 என்கின்றன குடும்பங்கள்.

அணைக்குக் கீழே இருந்தது எது தெரியுமா? கம்பெனியின் சொந்த ஆபீஸும் கேன்டீனும். அது சாப்பாட்டு நேரம். இறந்தவர்களில் பெரும்பாலோர் கம்பெனி ஊழியர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும்தான். பாலத்தின் அடியில் ஆள் நின்றிருந்தார் சார். ஆனால், தெரிந்தவர் வேறு, நின்றவர் வேறு.

2018 செப்டம்பரில், டியூவ் சூட் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் பிரேசில் கிளை, அணை உறுதியாக இருக்கிறது என்று சான்று கொடுத்தது. பொறியியலில் பாதுகாப்புக் காரணி என்று ஓர் எண் உண்டு. அது 1 என்றால், விழவா வேண்டாமா என்று நிற்கிறது என்று அர்த்தம். குறைந்தது 1.3 வேண்டும் என்று நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள். கணக்கில் வந்தது 1.09. அதற்குத்தான் கையெழுத்து விழுந்தது. ஆபத்தை மறைத்ததாகச் சொல்லி, 2020-ல் அரசு வழக்கறிஞர்கள் 16 பேர் மீது கொலைக் குற்றம் சாட்டினார்கள்.

‘எல்லாத்தையும் சொன்னா ஜனங்க பயந்துடுவாங்க’ என்பார்கள். இந்த வாதம் எனக்குப் புதிதில்லை. அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை நாங்கள் அவரிடம் மறைத்தோம். ‘ஒண்ணுமில்லப்பா, சாதாரண கட்டிதான்’ என்றேன். பாசத்தில்தான் சொன்னேன். ஆனால் அவர் முடிக்க நினைத்த காரியங்கள் சில அப்படியே நின்றுபோயின. மிச்சமிருந்த நாட்கள் அவருடையவை. கணக்கு மட்டும் எங்கள் கையில் இருந்தது. எங்களுடையது பாசம், சுரங்கத்தில் இருந்தது லாபம். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டு இடத்திலும், சுமக்கப் போகிறவரை யாரும் கேட்கவில்லை.

கேன்டீனில் தட்டோடு நின்றவரிடம் யாராவது ‘1.09’ என்று சொல்லி, அதன் அர்த்தத்தையும் சொல்லியிருந்தால்? பயந்திருப்பார். சண்டை போட்டிருப்பார். ‘கேன்டீனை அந்தப் பக்கம் மாத்துங்க’ என்று கத்தியிருப்பார். அந்தப் பயம் அவருக்குச் சேர வேண்டிய சொத்து.

எஞ்சினீயரைப் பாலத்துக்கு அடியில் நிறுத்தவே வேண்டாம். அங்கே நிற்பவரிடம், தன் மனசில் இருக்கிற சந்தேகத்தை அவர் சொன்னால் போதும்.